மாட்டுக்கொட்டிலில் கோடை வாசம்

கேள்வி: பழைய டச்சுக் கிராம வீடுகளின் உட்புறம் எப்படி இருக்கும்? நீல நிற டைல்ஸ், அலமாரிக்குள் கட்டில் என்கிறார்களே, நிஜமா?

பதில்: இரண்டும் நிஜம்தான். கப்பல், ஓடியாடும் பிள்ளைகள், பைபிள் காட்சி என்று கையால் வரைந்த டைல்ஸை அடுப்பைச் சுற்றியும் சுவரின் அடிப்பாகத்திலும் பதித்தார்கள். அழகு ஒரு பக்கம். ஈரம் சுவரைத் தின்னாது, கரி படிந்தால் துணியால் துடைத்துவிடலாம் என்பது இன்னொரு பக்கம். கட்டிலைச் சுவருக்குள் அலமாரி போலக் கட்டிக் கதவும் போட்டார்கள், குளிருக்காக. நீளம் குறைவு, தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கைக்குழந்தைக்குப் பெற்றோரின் கால்மாட்டுக்கு மேலே ஒரு பலகைத் தொட்டில்.

எனக்குப் பிடித்தது வட ஹாலந்தின் பண்ணை வீடு. பிரமிடு போன்ற ஒரே கூரை. நடுவில் உத்தரம் வரை வைக்கோல், அதைச் சுற்றி மனிதர்களும் மாடுகளும். சாணக் குழியில் விழுந்து அழுக்காகாதபடி மாட்டின் வாலைக் கயிற்றால் மேலே கட்டிவிடுவார்கள்! கோடையில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போனதும் கொட்டிலைத் தேய்த்துக் கழுவி, தரையில் மணலைக் கோலம்போல் தூவி, பீங்கான் தட்டுகளை அடுக்கி, குடும்பமே அங்கே குடியேறிவிடும். வீட்டின் நல்ல அறையோ, விருந்தாளிக்காகப் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். இந்த வழக்கம் மட்டும் எனக்கு வீண் ஜம்பமாகத் தோன்றுகிறது. நேரில் பார்க்க, நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 1918-இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.