இம்மாதப் பாடம்: டில்லி கனகாம்பரத்துக்கு விதை கிடையாது



"வாசல்லயே கனகாம்பரம் வெச்சா தலைக்கும் ஆச்சு, நாலு காசும் பாக்கலாமே?" என்று ஓரிக்கை பகுதிக் குழுக்களில் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடன் எடுப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

நம்ம ஊர்ச் செடி

கனகாம்பரத்தின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும். குளிர் நாடுகளில் இதை அழகுக்காகத் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். இதற்கு வாசனை கிடையாது. ஆனால் பூ லேசு, சீக்கிரம் வாடாது. அதனால்தான் மல்லியோடு சேர்த்துக் கட்டுகிறோம்.

எதை வாங்குவது?

சாதா ஆரஞ்சு, மஞ்சள் ரகங்களை விதை போட்டு வளர்க்கலாம். முற்றிய காய் ஈரம் பட்டால் வெடித்து விதை சிதறும். டில்லி கனகாம்பரம் அப்படி இல்லை. அது மலட்டு ரகம், விதை பிடிக்காது. "டில்லி விதை" என்று யாராவது பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள். குழுப் பணம் வீணாகிவிடும்.

நாமே நாற்று தயாரிக்கலாம்

1. நோயில்லாத டில்லி செடியின் நுனித் தண்டை மூன்று, நான்கு கணுவோடு வெட்டுங்கள்.
2. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் நடுங்கள்.
3. நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.
4. வேர் நன்றாகப் பிடித்த பிறகு தொட்டிக்கோ பாத்திக்கோ மாற்றுங்கள்.

வேரைப் பாருங்கள்

செடி வளராமல் மஞ்சளாகிறதா? உரம் போடுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து அழுகியிருந்தால் நூற்புழுவாக இருக்கலாம். அந்த மண்ணைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள், அந்தச் செடியில் தண்டும் வெட்டாதீர்கள். நடும்போதே வேப்பம் புண்ணாக்கு இடுவதும், பாத்தியில் துலுக்கச் சாமந்தி நடுவதும் நூற்புழுவைக் குறைக்கும்.

கணக்குப் போடுங்கள்

ஒரு கிலோவுக்குச் சுமார் 15,000 பூ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் பறிக்க வேண்டும். ஆகவே பத்துத் தொட்டி வீட்டுத் தேவைக்குத்தான் ஆகும். அதையே தாய்ச்செடியாக வைத்து நாற்று பெருக்கி, நிலம் உள்ளவர்கள் சேர்ந்து பாத்தியில் போட்டால் வருமானம் வரும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் யார் வீட்டில் நல்ல டில்லி செடி இருக்கிறது?
* விடியற்காலையில் பூப் பறிக்க எத்தனை பேரால் முடியும்?
* பறிக்கும் கூலியையும் நம் கணக்கில் சேர்த்தோமா?