சாத்தனூர் மதகும் கால்வாய்க் கணக்கும்

திருவண்ணாமலை நகருக்கு மேற்கே, சென்னகேசவ மலைக் குன்றுகளுக்கிடையே தென்பெண்ணை நதியை மறித்து நிற்பது சாத்தனூர் அணையாகும். கர்நாடகத்து நந்தி மலைப் பிரதேசத்தில் உற்பத்தியாகும் இந்நதி, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வந்து, திருக்கோவிலூரைக் கடந்து, கடலூர் அருகே சமுத்திரத்தை அடைகின்றது. மழைக்காலத்தில் கரைபுரள்வதும் கோடையில் மணல் தெரியக் கிடப்பதும் இதன் இயல்பு. பெருக்கு நீரைத் தேக்கிவைத்து வேண்டிய பருவத்தில் வயலுக்கு விடும் நோக்கத்துடன், காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டு இவ்வணை நிறைவெய்தியது.

அணைக்கு இருவகைக் கதவுகள் உண்டு. வெள்ளத்தை நதியிலேயே இறக்கிவிடும் பெரிய கதவுகள் ஒருவகை; இடது, வலது கால்வாய்களுக்கு அளவாக நீர்விடும் மதகுகள் மற்றொருவகை. நதியின் கீழ்ப்பாகத்தில், திருக்கோவிலூர் அணைக்கட்டை நம்பிய பழைய பாசனத்திற்கும் இங்கிருந்தே நீர் விடப்படுகின்றது. திருவண்ணாமலை நகரத்தாரின் குடிநீருக்கும் இத்தேக்கம் உதவுகின்றது. இவ்வாறு ஒரே நீருக்குப் பங்காளிகள் பலராவர்.

தேக்கத்தில் 119 அடி உயரத்திற்கு நீர் நின்றால் அதன் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இத்தொகை கேட்பதற்குப் பெரிதாயினும், வயல் கணக்கில் நோக்கினால் உண்மை விளங்கும். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் நீர் 86,400 கன அடியாகும். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடியாதலால், அந்நீர் ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும். இம்முறைப்படி, நிறைந்த தேக்கம் சுமார் 1,68,000 ஏக்கரில் ஓரடி நீர் நிறுத்தப் போதுமானது.

நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் நாலடி நீர் வேண்டும். ஆதலின், வெயிலில் ஆவியாவதும் கால்வாயில் கசிவதும் சிறிதுமின்றி முழுநீரும் வயலையே சேர்வதாக வைத்துக்கொண்டாலும், 42,000 ஏக்கர் நெல்லுக்கே அது காணும். நிலக்கடலைக்கோ அதில் பாதிக்குக் குறைவான நீரே போதும். இம்மாவட்டத்தார் நெடுங்காலமாகக் கைதேர்ந்த பயிர் அது.

தேக்கத்தின் எல்லையை வெள்ளமும் காட்டியது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையால், விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் நதியில் திறக்கப்பட்டது. கரையோர ஊர்கள் பல வெள்ளத்தில் ஆழ்ந்தன. அவ்வேகத்தில் ஓடினால், முழுத் தேக்கத்திற்கு ஈடான நீர் பன்னிரண்டு மணி நேரத்தில் சென்றுவிடும். ஆதலால் அணை உண்டென்று நதிப்படுகையில் குடியேறுவதோ, ஓடையின் வழியை அடைத்துப் பயிரிடுவதோ தகாது.

பாசனக் காலத்தில் தலைமடைக்காரர் வேண்டியதற்கு மேல் கட்டிவைக்கும் ஒவ்வோர் அங்குல நீரும் கடைமடைக்காரரின் கதிரிலிருந்து குறைவதாகும். வயல்நீர் மறைந்தபின் மறுநீர் பாய்ச்சுதல், மதகு திறக்குமுன் வாய்க்காலைத் தூர்வாருதல், வரப்பின் நண்டுவளைகளை அடைத்தல், முறைநாளை மீறாமை ஆகிய இந்நான்கும் செலவு சிறிதாய்ப் பயன் பெரிதாயுள்ள காரியங்கள். மதகைத் திறப்பது அதிகாரிகளின் பொறுப்பு; திறந்த நீர் கடைமடை சேர்வது குடியானவர்களின் ஒற்றுமையைப் பொறுத்தது.