குலை நோயை எதிர்க்கும் நெல் எப்படி உருவாகிறது?

காஜாங்கில் கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் பக்கம் போனால் அடுத்த நிலையம் செர்டாங். நம் நாட்டில் நெல் ஆய்வு நடக்கும் இடங்களில் அந்த வட்டாரமும் ஒன்று. மார்டி ஆய்வுக் கழகம் 2001இல் எம்ஆர் 219 என்ற நெல் ரகத்தை வெளியிட்டது. விளைச்சல் மிகுந்ததால் விவசாயிகள் அதை விரும்பிப் பயிரிட்டார்கள். ஆனால், காலப்போக்கில் குலை நோய் அதைத் தாக்கத் தொடங்கியது.

நோய் என்ன செய்யும்?

மலாய் விவசாயிகள் இதைக் 'காராஹ்' என்பார்கள். காரணம் ஒரு பூஞ்சை. இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணி பால் பிடிக்காது, பதராகிவிடும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் நோய் இன்னும் கூடும்.

ரகம் உருவாகும் விதம்

'பொங்சு செரிபு 1' என்ற பழைய உள்ளூர் நெல்லுக்கு இந்நோயை எதிர்க்கும் மரபணுக்கள் உண்டு. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை எம்ஆர் 219 உடன் கலந்தார்கள்.

முதல் கலப்பில் பிறக்கும் செடியில் இரு பெற்றோரின் பங்கும் பாதிப் பாதி. எதிர்ப்புச் சக்தியோடு பழைய நெல்லின் வேண்டாத குணங்களும் வந்துவிடும். அதனால் அச்செடியை மீண்டும் எம்ஆர் 219 உடன் கலக்க வேண்டும். இதுவே பின்கலப்பு. ஒரு முறை செய்தால் எம்ஆர் 219இன் பங்கு சராசரியாக 75 விழுக்காடு. இரு முறை செய்தால் 87.5 விழுக்காடு.

எந்த நாற்றில் எதிர்ப்பு மரபணு இருக்கிறது? இலைத் துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மரபணுவை ஒட்டியிருக்கும் 'மூலக்கூறு அடையாளத்தை'த் தேடினால் தெரிந்துவிடும். கதிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தன்மகரந்தச் சேர்க்கை. பிறக்கும் செடிகளில் சராசரியாக நான்கில் ஒன்று, எதிர்ப்பு மரபணுவைத் தாய் வழி, தந்தை வழி என இரண்டு பிரதிகளாகப் பெறும். அதன் சந்ததியில் அந்தக் குணம் மாறாது. இப்படிப் பிறந்ததே 'புத்ரா 1'.

காஜாங் பக்கத்தில் வேறொரு வழி

பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் கலப்பே செய்யாமல், எம்ஆர் 219 விதைகள்மீது காமா கதிரைப் பாய்ச்சி 'என்எம்ஆர் 152' ரகத்தை உருவாக்கியது. கதிர் தரும் மாற்றம் குருட்டுத்தனமானது. ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதைப் பொறுக்கி எடுப்பதே உழைப்பு.

வெற்றி நிரந்தரமா?

இல்லை. பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ரகம் பரந்த நிலத்தில் நின்றால், அதை வெல்லும் பூஞ்சை வகைக்கு எங்கும் தீனிதான். எனவே ஒரே நெல்லில் பல எதிர்ப்பு மரபணுக்களை அடுக்குகிறார்கள். பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மரபணுக்களையும் 'புத்ரா 1'இல் சேர்க்கும் ஆய்வு நடந்துள்ளது.

வாசகர்களே, விளைச்சல் குறைவு என்று பொங்சு செரிபு போன்ற பழைய நெல்லை நாம் கைவிட்டிருந்தால், அந்த மரபணுக்களை எங்கே தேடியிருப்போம்? சிந்தித்துப் பாருங்கள்.