கோபுரம் வேண்டாம், மல்லிகை மொட்டு போடு

தங்கச்சி, அம்மா மாட்டுத்தாவணி பூக்கணக்குப் பார்க்குற அந்தக் கம்ப்யூட்டர்ல ஐகானையெல்லாம் மாத்தப் போறேன்னியே, நல்லது. ஆனா புரோகிராமைத் தொடாதே. அதைத் திறக்குற ஷார்ட்கட்டோட படத்தை மட்டும் மாத்து. சொதப்பினா ஷார்ட்கட்டை அழிச்சுட்டு வேற போட்டுக்கலாம்.

விண்டோஸ்ல ரீசைக்கிள் பின், திஸ் பிசி ரெண்டும் சுலபம். டெஸ்க்டாப்ல ரைட் கிளிக், பெர்சனலைஸ், தீம்ஸ், டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ், சேஞ்ச் ஐகான். ரீசைக்கிள் பின்னுக்குக் காலி, நிறைஞ்சதுன்னு ரெண்டு படம் இருக்கு, ரெண்டையும் மாத்து. தீம் ஐகானை மாத்தலாம்னு அடியில ஒரு டிக் இருக்கும், எடுத்துடு. இல்லேன்னா அடுத்த தீம் போடுறப்ப எல்லாம் போச்சு.

கால்குலேட்டர் மாதிரி கூடவே வர்ற ஆப்தான் அடம் பிடிக்கும். விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கி, வர்ற பெட்டியில ஷெல், முக்காற்புள்ளி, ஆப்ஸ்ஃபோல்டர்னு இடைவெளி விடாம இங்கிலீஷ்ல அடி. எல்லா ஆப்பும் வந்து நிக்கும். ரைட் கிளிக் பண்ணி கிரியேட் ஷார்ட்கட் கொடு. டெஸ்க்டாப்புக்கு வந்ததும் ப்ராப்பர்டீஸ்ல சேஞ்ச் ஐகான்.

படம் எது போடுறது? மதுரைக்காரி எல்லாருக்கும் முதல்ல தோணுறது மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம்தான். 160 அடிக்கு மேல நிக்கிற கோபுரம், அத்தனை சுதைச் சிற்பம். அதை 48 பிக்சலுக்குள்ள அடைச்சா கலர் கலரா ஒரு அழுக்குதான் தெரியும். டாஸ்க்பார்ல அதுவும் தெரியாது. கரும்பச்சைல ஒத்த மல்லிகை மொட்டு போடு. கண்ணாடி போடாமலே அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. கால்குலேட்டருக்கு மொட்டு, நோட்பேடுக்குத் தராசுன்னு நிறத்தையும் வேற வேறயா வை. ஒரே பச்சைல நாலு படம் வச்சா மாத்தியும் பிரயோஜனமில்லை.

போன்ல எடுத்த ஜேபெக் அப்படியே ஏறாது. கிம்ப் இலவசம்தான், அதுல சதுரமா வெட்டி, 256 பிக்சலாக்கி, ஐசிஓ-வா எக்ஸ்போர்ட் பண்ணு.

நம்ம வீட்ல கிடக்குற பழைய அரசாங்க லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்தா வழி வேற. யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல இருக்குற கால்குலேட்டர் ஃபைலை டெஸ்க்டாப்புக்குக் காப்பி பண்ணு. டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து, ஐகான்னு தொடங்குற வரியில உன் பிஎன்ஜி படம் இருக்குற முழுப் பாதையையும் எழுது.

ஆப்பிள் மேக்ல கூடவே வர்ற சஃபாரி மாதிரி ஆப்போட மல்லுக்கட்டாதே. 2019-ல வந்த கேட்டலீனாவுல இருந்து சிஸ்டம் பக்கம் எழுத முடியாதபடி பூட்டிட்டாங்க.

அப்புறம், பென் டிரைவ்ல இருந்தே படத்தைக் கொடுத்துடாதே. பிடுங்கின பிறகு மொட்டு காணாமப் போயிடும். டாக்குமெண்ட்ஸ்ல தனி ஃபோல்டர் போட்டு, அங்க வச்ச பிறகு மாத்து.