பிள்ளைக் காம்பரா கற்பித்த பாடம்



விசுவாசம் என்றால் என்ன என்பதைக் குருமடத்திலே பல மாதங்கள் படித்தேன். இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் குறிப்பெடுத்தேன். பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்தேன். அந்தப் பாடத்தில் விடுபட்டுப்போன ஒரு பகுதியைப் பசறைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவிலே கற்றுக்கொண்டேன். பெயர்ப்பலகையில் இன்று ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறது. லயத்து மக்களுக்கு அது என்றைக்கும் பிள்ளைக் காம்பராதான்.

ஐப்பசி மாதத்து மழைநாள். நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை வலுத்தது. ஒதுங்குவதற்கு அகப்பட்ட இடம் அதுதான். சேலைத் தொட்டிலில் ஒன்று, பாயிலே நான்கைந்து, ஆயாவின் இடுப்பிலே ஒன்று. பெரட்டு முடிந்து தாய்மார் கொழுந்து மலைக்குப் போய் வெகுநேரம். ஒரு வயது நிறையாத பிள்ளையின் தாய்க்குப் பாலூட்டுவதற்கென வேலை நேரத்தில் சட்டப்படி இரண்டு இடைவேளை உண்டு. முதல் இடைவேளைக்கு இன்னும் நேரமிருந்தது.

“சாமி, செத்த இதப் புடிங்க” என்று இடுப்பிலிருந்த பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, பொங்கும் பாலை இறக்க ஓடினார் ஆயா. பிள்ளை வீரிட்டு அலறியது. நான் இரு கைகளையும் நீட்டி, விழுந்துவிடுமோ என்ற பயத்துடன் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பூசைப் பாத்தரம் மாதிரி புடிக்காதீங்க சாமி. நெஞ்சோட சாத்துங்க.”

சாத்தினேன். சிறிது நேரத்தில் அழுகை விம்மலாகி, விம்மல் மூச்சாகி, பிள்ளை உறங்கிவிட்டது. அதன்பின் அரைமணி நேரம் நான் அசையவில்லை. கை மரத்துப் போயிற்று. ஆயா சைவர், நெற்றியில் திருநீறு பூசியவர். எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டோம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

மழை விட்டதும் தாய் வந்தாள். என்னைக் கண்டு கூச்சத்துடன் பிள்ளையை வாங்கிக்கொண்டவள், “அன்னைக்குப் பூசையில கத்துனது இதுதான் சாமி” என்றாள்.

வாசகர்களே, அந்த ‘அன்னைக்கு’ நடந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். முந்திய ஞாயிறு, தோட்டத்துக் கோயிலிலே, சிறுவர்களைத் தம்மிடம் வரவிடும்படி ஆண்டவர் சொன்ன பகுதியைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். ஒரு பிள்ளை அழுதது. நான் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அந்தத் தாயைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவள் எழுந்து வெளியே போய்த் தூறலில் நின்றாள். நான் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன்! பிள்ளைக் காம்பராவில் அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டேன். அவளிடம் நேரில் கேட்டிருக்கவேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

அந்தச் சுவிசேஷப் பகுதியை அன்றிரவு மறுபடியும் எடுத்தேன். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் சிறுவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே சம்பவத்தை எழுதும் லூக்காஸ், பதினெட்டாம் அதிகாரத்தில், கைக்குழந்தைகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் போடுகிறார். ஆகவே, மூலபாடம் ஒப்புவித்த நல்ல பிள்ளைகளை ஆண்டவர் அழைத்தார் என்று எண்ணவேண்டாம். மூக்கு வடிபவை, மடி நனைப்பவை, நடுப் பிரசங்கத்தில் கத்துபவை, இவையே அவரிடம் கொண்டுவரப்பட்டன. சீடர்கள் தடுத்ததில் வியப்பில்லை. நானும் அதையே செய்தேன். ஆண்டவரோ அவற்றை அரவணைத்துக்கொண்டார் என்கிறார் மாற்கு. கைகளை மடித்து அணைத்துக்கொள்வதைக் குறிக்கும் அந்தக் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டிலே இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. இரண்டும் மாற்கு எழுதியவை; இரண்டு இடத்திலும் அணைக்கப்படுவது பிள்ளைகளே.

இன்னும் ஆழமான ஒன்று பழைய ஏற்பாட்டில் கிடைக்கிறது. எண்ணாகமம் பதினோராம் அதிகாரத்தில் மோயீசன் இறைவனிடம் முறையிடுகிறார். எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் நினைத்து ஜனங்கள் கூடாரந்தோறும் அழுகிறார்கள். இவர்களை நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைச் சுமப்பவனைப்போல் நான் ஏன் சுமக்கவேண்டும் என்பது அவருடைய முறைப்பாடு. பிள்ளையைச் சுமந்து வளர்ப்பவனுக்கு அங்கே வரும் எபிரேயச் சொல் ‘ஓமேன்’. அதன் வேரெழுத்துக்கள் மூன்று: அலெப், மேம், நூன். செபமுடிவில் நாம் சொல்லும் ‘ஆமென்’ அந்த வேரிலிருந்தே வருகிறது. விசுவாசத்தையும் உண்மை தவறாமையையும் குறிக்கும் ‘எமுனா’ என்ற சொல்லும் அப்படியே.

இதைக் குருமடத்தில் யாரோ சொல்லியிருக்கக்கூடும்; நான் குறிப்பெடுக்கவில்லை. விசுவாசம் என்றால் மறைபொருள்களை அறிவினால் ஏற்றுக்கொள்வது என்று படித்தோம். அது சரியே. ஆனால் அந்த எபிரேயச் சொற்குடும்பத்துக்குள்ளே, சுமப்பவனின் கையும் சுமக்கப்படும் பிள்ளையும் இருக்கின்றன. ‘ஆமென்’ சொல்லும்போது, இந்தக் கை என்னைத் தாங்கும் என்று சாய்கிறோம். பேச்சு வருமுன்பே பிள்ளை அதைச் செய்துவிடுகிறது. என் நெஞ்சிலே உறங்கிய பிள்ளைக்கு நான் யார் என்பது தெரியாது. தன்னைத் தாங்கும் கை ஒன்று இருக்கிறது என்பதுதான் தெரியும்.

கைக்குழந்தைக்கு ஏன் திருமுழுக்கு, அதற்கு என்ன புரியும் என்று கேட்போர் உண்டு. பழைய சடங்கிலே கேள்விகள் பிள்ளையை நோக்கிக் கேட்கப்பட்டன. ஞானப்பெற்றார் அதன் வாயாகப் பதில் சொன்னார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் 1969ம் ஆண்டு வெளிவந்த புதிய சடங்கு, பிள்ளை பிள்ளைதான் என்பதை ஒப்புக்கொண்டு, பெற்றாரையே நேராகக் கேட்கிறது. ஆகையால் பிள்ளைக்கு என்ன புரியும் என்பதைவிட, அதைச் சுமக்கும் கை எப்படிப்பட்டது என்பதே கேள்வி.

இங்கே சில பெற்றாரைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை சோறு உண்ணாவிட்டால் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்கிறீர்கள். உறங்காவிட்டால் ‘பங்குச் சாமி பிடித்துக்கொண்டு போவார்’ என்கிறீர்கள். என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குள் ஒளியும் பிள்ளைகள் எத்தனை! என்னைப் பூச்சாண்டி ஆக்குவதைப் பொறுத்துக்கொள்வேன். கடவுளைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, பத்து வயதில் அவரை நம்பு என்று ஞானோபதேசம் படிப்பித்தால் அது எப்படி ஏறும்?

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன ‘ஓமேன்’ ஆண்பாற் சொல். ஓசே தீர்க்கதரிசியின் பதினோராம் அதிகாரத்திலே, எபிராயீமுக்கு நடைபழக்கியவராக, கையில் தூக்கியவராக, குனிந்து ஊட்டியவராக இறைவன் தம்மைக் காட்டுகிறார். லயத்து வாசலில் பிள்ளை நடைபழகும்போது பாருங்கள். நான்கு அடி வைக்கும், விழும், யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கும். பிடிக்க ஓர் ஆள் குனிந்து நின்றால் அழாமல் எழும். சம்பள நாளன்று சாராயக் கடையில் நிற்கும் தகப்பன் அந்தக் காட்சியை இழந்துவிடுகிறான். இழந்தது அவனுக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொன்று. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பத்து வயதுப் பெண்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிள்ளை வளர்ப்பு புனிதமான பணி என்று பேசிக்கொண்டு அந்தச் சுமையை ஒரு சிறுமியின் இடுப்பில் ஏற்றுவது அநியாயம். மோயீசனின் முறைப்பாட்டுக்கு இறைவன் என்ன செய்தார்? எழுபது மூப்பரைத் தெரிந்து, சுமையைப் பங்கிட்டுக் கொடுத்தார். அவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள்.

பாட்டிமாரே, உங்களையும் மறக்கவில்லை. மகள் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளையை நீங்கள் வளர்க்கிறீர்கள். ‘எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை சாமி, செபம் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்’ என்று கேட்கிறீர்கள். ரூத் ஆகமத்தின் முடிவிலே, மருமகள் பெற்ற பிள்ளையை நகோமி எடுத்து மார்போடு அணைத்து அதை வளர்ப்பவளாகிறாள். அங்கே வருவது ‘ஓமேன்’ என்பதன் பெண்பாற் சொல். நகோமி அந்தப் பிள்ளைக்கு எதைப் படிப்பித்தாள் என்று வேதாகமம் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்தாள் என்றே சொல்கிறது.

இவ்வளவும் எழுதியபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சுமந்த கை இல்லாமற்போனால்? 2014ம் ஆண்டு ஒக்ரோபர் 29ந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததனால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றாரும் இல்லை. தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று இசையாஸ் வழியாக இறைவன் கூறியதை அந்தப் பிள்ளைகளிடம் உடனே எடுத்து ஓதுவதற்கு எனக்குத் துணிவு வராது. முதலில் ஒருவர் தூக்கவேண்டும், ஊட்டவேண்டும், இரவில் பக்கத்தில் படுக்கவேண்டும். வசனம் பிறகு வரட்டும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய புனித சின்னப்பரும், தாம் அவர்களிடையே பிள்ளையைப் பேணும் தாயைப்போல் இருந்ததாகச் சொல்லிவிட்டு, நற்செய்தியை மட்டுமன்றித் தம் உயிரையே கொடுக்க விரும்பியதாகச் சொல்கிறார்.

எங்கள் பங்கிலே அடுத்த மாதம் திருமுழுக்கு ஆயத்த வகுப்பு நடக்கும். இம்முறை கோயிலில் அல்ல, பிள்ளைக் காம்பராவில். பிள்ளையை அயல் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம், தூக்கிக்கொண்டே வாருங்கள், அழுதால் அழட்டும். முதல் அரைமணி நேரம் பேசுவதற்கு ஆயாவைக் கேட்டிருக்கிறேன். “எனக்கு என்னா சாமி தெரியும்” என்று மறுத்தவர், இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார்.