கொள்ளுத்தாத்தாவின் உயிலில் பூர்வீக ஊரைத் தேடுவது எப்படி?

நாமக்கல் வட்டாரத்துக் குடும்பங்களில் அடிக்கடி எழும் சந்தேகம் இது: "கொள்ளுத்தாத்தாவின் உயிலில் திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று இருக்கிறதே, நமக்குப் பூர்வீகம் திருச்சியா?" உயிலின் தேதி 1910-க்கும் 1929-க்கும் இடைப்பட்டதா என்று முதலில் பாருங்கள். 1910-ல் நாமக்கல் தாலுகாவைச் சேலத்திலிருந்து எடுத்துத் திருச்சியோடு சேர்த்தார்கள். 1929-ல் அது மறுபடி சேலத்துக்கே வந்தது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. குடும்பம் அதே வீட்டில்தான் இருந்திருக்கும், ஜில்லாதான் மாறியது. பழைய ஆவணத்தில் கிராமத்தின் பெயரையும் தகப்பனார் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜில்லாவைக் கடைசியில் பார்த்தால் போதும்.

உயில் கையில் இல்லாதவர்கள் சென்னை ஹைகோர்ட்டில் தேடக் கிளம்புகிறார்கள். இங்குள்ள குடும்பங்களுக்குப் பெரும்பாலும் அது வீண் அலைச்சல். அக்காலத்தில் இந்துக்களின் உயிலுக்கு கோர்ட்டில் புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம், சென்னை நகரத்தில் எழுதிய உயிலுக்கும் அங்கே சொத்து இருந்த உயிலுக்கும்தான். சேலம் ஜில்லாவில் பதிவான உயில் சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜெண்டோதான் நகல் வாங்க முடியும். அவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கொடுக்க வேண்டும், வாரிசுதான் கேட்க வேண்டும் என்பதில்லை. இறப்புக்கான ஆதாரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்தை எட்டாது. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், உத்தேசமான ஆண்டு எழுதிக்கொடுத்து நேரில் தேடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அன்றைக்கு எந்த அலுவலகத்தில் சேர்ந்திருந்தது என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் இன்றுள்ள பல அலுவலகங்கள் பிற்பாடு பிரிந்தவை. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 3-ஆம் புத்தகத்தில் கிடைக்காவிட்டால், பாகப்பிரிவினையும் கிரயமும் பதிவாகும் 1-ஆம் புத்தகத்துக்குப் போங்கள். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நகல் கிடைத்ததும் சொத்து யாருக்குப் போயிற்று என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சொத்து எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் வரிதான் முக்கியம். 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் நிலம் முன்னோர் வழியில் வந்தது, குடும்பம் குறைந்தது ஒரு தலைமுறைக்கு முன்பே அந்தக் கிராமத்தில் வேர்விட்டிருக்க வாய்ப்புண்டு. 'சுயார்ஜிதம், இன்ன தேதியில் கிரயம் பெற்றது' என்றிருந்தால் அந்தக் கிரயப் பத்திரத்தையே தேடி எடுங்கள். வாங்குகிறவர் அன்று எந்த ஊரில் குடியிருந்தார் என்று அதில் எழுதியிருப்பார்கள். ராசிபுரத்தில் நிலம் வாங்கியவரை 'மோகனூர் கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று குறித்திருந்தால், அடுத்து போகவேண்டிய ஊர் மோகனூர்தான்.

நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் உயிலிலேயே மதிப்புள்ள பகுதி. ஒரே புஞ்சையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால், ஒருவர் நிலத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் பங்காளிகளாகவே இருப்பார்கள். நான்கு எல்லைப் பெயர்களையும் குறித்துக்கொண்டு, அவர்களுடைய பத்திரங்களையும் தேடுங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் ஒரே பெயரில் இரண்டு பேர் வருவார்கள். தகப்பனார் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். ஆங்கிலத் தேதி இல்லாமல் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் கவனம் தேவை. ஹேவிளம்பி 1837-லும் வந்தது, 1897-லும் வந்தது.

மானிய (இனாம்) நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிய இவற்றில், அன்று மானியத்தை அனுபவித்தவருக்கும் முதலில் அதைப் பெற்றவருக்கும் என்ன உறவு என்பதும் பதிவாகியிருக்கும்.

ஏற்காட்டிலோ சேலத்திலோ வாழ்ந்த ஆங்கிலேய, ஆங்கிலோ இந்திய மூதாதையரைத் தேடுகிறவர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தொடங்கலாம். சென்னை மாகாணத்து உயில்களின் நகல்களும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சேர்ந்திருக்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பும் உதவும்.

கடல் கடந்து போனவர்களின் வழித்தோன்றல்களுக்குத்தான் தேடல் கடினம். 1876–78 பஞ்சம் சேலத்தை உலுக்கியது. 1871-ல் சுமார் 19.67 லட்சமாக இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேடுகளில் தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அவற்றில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் இன்றைய சேலம் மாவட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். அன்றைய சேலத்துக்குள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் அடக்கம். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். ஊர் பிடிபட்டதும் 1-ஆம் புத்தகத்தைத் தேடுங்கள். கப்பலேறியவர் பெயர் அதில் அநேகமாக இருக்காது. ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணன் தம்பி யாராவது பின்னாளில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தால், அதே தகப்பனார் பெயரோடு அங்கே பதிவாகியிருப்பார்.