மொட்டிலேயே பாருங்கள்

பம்மலில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு வாண்டா ஆர்க்கிட் தொங்குகிறது. மரக்கூடை, நாலு கரித்துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டை. அதற்கு மண்ணே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வரும் தாவரவியல் பிள்ளைகளுக்கு அதன் முன் நின்று சொல்லிவந்ததை, இனி வரப்போகிறவர்களுக்காகவும் எழுதிவைக்கிறேன்.

1. முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். மரத்தில் ஒட்டியிருப்பதையெல்லாம் புல்லுருவி என்று சொல்லிவிடுகிறோம். புல்லுருவி தன் உறிஞ்சுவேரை மரத்துக்குள் இறக்கிச் சாற்றை எடுக்கும். வாண்டா தொற்றுத் தாவரம். மரத்திடம் கேட்பது நிற்க இடம் மட்டுமே. அதன் வேரைப் போர்த்தியிருக்கும் வெலாமன், உயிரற்ற செல்களின் அடுக்கு. மழை பட்டதும் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி நிற வேர் அப்போது பச்சையாகத் தெரியும்.

2. மரத்திலிருந்து பிய்க்காதீர்கள். நம் சமவெளியில் மாமரத்திலும் பனையிலும் வாண்டா டெசலேட்டாவைக் கண்டால் வணங்கிவிட்டு வாருங்கள். படிப்பதற்கு நர்சரியில் வாங்கிய டென்ட்ரோபியம் தொட்டி போதும். ஆர்க்கிட்களின் பன்னாட்டு வணிகத்தையே சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது என்பதை மறவாதீர்கள்.

3. விரிந்த பூ ஒன்றை ஊசியால் திறந்து பாருங்கள். நடுத்தூணின் நுனியில் சிறு தொப்பி இருக்கும். அதை நீக்கினால் மெழுகுபோல் மஞ்சள் உருண்டைகள். செம்பருத்தியைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் இங்கே கிடையாது. மகரந்தம் முழுவதும் மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது. இதுவே பொலினியம். வாண்டாவில் இரண்டு மூட்டை, ஒரு பட்டைக்காம்பு, அடியில் பசைத்தட்டு. டென்ட்ரோபியத்தில் நான்கு மூட்டை, காம்பில்லை. ஓர் ஆர்க்கிட் காயில் ஆயிரக்கணக்கான விதைகள் விளையும். பூச்சி ஒரே ஒருமுறை வந்துபோனாலும் அத்தனைக்கும் மகரந்தம் போய்ச் சேர இந்த ஏற்பாடு. டார்வின் 1862-இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

4. இனி பூவை விட்டுவிட்டு மொட்டுக்கு வாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு பருவம் முழுவதும் விரிந்த பூக்களையே அறுத்துக்கொண்டிருந்தேன். பூ விரிவதற்குள் மகரந்தத்தின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு பூங்கதிரில் அடியில் இருப்பது மூத்த மொட்டு, நுனியில் இருப்பது இளையது. ஒரே கதிரில் எல்லா வயதும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மொட்டையும் ஸ்கேலால் அளந்து, நீளத்தை நோட்டில் எழுதிவிட்டே பறியுங்கள். அளக்காத மொட்டு வீணான மொட்டு.

5. பறித்த உடனே பதப்படுத்துங்கள். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பார்வையில், மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில். சாயத்துக்கு அசிட்டோகார்மைன். துருப்பிடித்த ஊசியால் அதைக் கிளறினால் இரும்பு கலந்து குரோமோசோம்கள் அழுத்தமாகத் தெரியும். சிலைடை இளஞ்சூட்டில் காட்டுங்கள்; கொதிக்கவிட்டால் எல்லாம் போயிற்று.

6. நுண்ணோக்கியில் அவசரப்படாதீர்கள். இளம் மொட்டில் பெரிய உட்கருவோடு மகரந்தத் தாய் செல்கள் நெருங்கி நிற்கும். சுற்றிலும் டபீட்டம் அடுக்கு அவற்றுக்கு ஊட்டுகிறது. அடுத்த மொட்டில் குன்றல் பகுப்பு. வாண்டாவின் 38 குரோமோசோம்கள் 19 ஆகும். ஒரே மூட்டைக்குள் செல்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள். செல்லுக்குச் செல் சைட்டோபிளாசப் பாதைகள் இருக்கின்றன. நான்கு உட்கருக்கள் உருவான பின்பே இடையில் சுவர்கள் எழும். மற்றச் செடிகள் பலவற்றில் அந்த நால்வரும் பிரிந்துவிடுவார்கள், இங்கே பிரிவதில்லை. எக்சைன் என்ற கடின உறை மூட்டையின் வெளிப்புறத்தில் தடித்தும் உள்ளே மெலிந்தும் இருக்கும். வீட்டைச் சுற்றி மதில் கட்டிவிட்டு அறைகளுக்கு நடுவே தட்டி வைப்பதுபோல. கடைசியில் ஒவ்வொரு மணியிலும் உட்கரு ஓரம் ஒதுங்கிச் சமமின்றிப் பிரியும். சிறியது உற்பத்தி செல், பெரியது உடல செல்.

7. கண்டதை வரையுங்கள், புத்தகப் படத்தைப் பார்த்து வரையாதீர்கள். அந்த நான்கு செல்கள் சேர்ந்த நான்மைகள் நான்முக வடிவில் மட்டுமே வரும் என்று எண்ணிப் பார்த்தால் குறுக்காகவும் டி வடிவிலும் நிற்பவை கண்ணில் படாது. செல்லின் நடுவே இருந்த புள்ளிக்கு ராபர்ட் பிரவுன் 1831-இல் நியூக்ளியஸ் என்று பெயரிட்டது ஆர்க்கிட் செல்களைப் பார்த்துத்தான். 1940-களில் ஆர்க்கிட் கருவியலை ஆராய்ந்த பி.ஜி.எல். சுவாமி, பின்னாளில் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கன்னடத்தில் தாம் எழுதிய நூல்களுக்குத் தாமே படம் வரைந்தவர். வரையும் கை கண்ணுக்குப் பாடம் சொல்லும்.

8. காத்திருக்கப் பழகுங்கள். மகரந்த மூட்டை சூல்முடியில் சேரும்போது ஆர்க்கிட்டின் சூல்கள் இன்னும் உருவாகியிருக்காது. மகரந்தம் வந்த பிறகே சூலகம் அவற்றை வளர்க்கத் தொடங்கும். கருவுற வாரங்களோ மாதங்களோ ஆகும். செடி அவ்வளவு நிதானமாகச் செய்வதை ஒரு பிற்பகலில் முடித்துவிட நினைக்காதீர்கள்.

இந்த வாரம் என் வாண்டா கதிர் விட்டிருக்கிறது. நுனி மொட்டு மிளகளவுதான். வரும் ஞாயிறு வாருங்கள், பிள்ளைகளே. ஸ்கேலும் கோடு போடாத நோட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.